லைர்காத்தா 11, பின்வீட்டுச் சுவர்

14 ஜனவரி 2024, ஞாயிறு

உறைபனி. சறுக்காமல் இருக்கச் சரளை தூவும் வண்டி காலையிலேயே தெருவைக் கடந்துவிட்டது. என் கணவர் வழக்கம்போலச் சன்னலடியில் இருந்து செய்தி வாசிக்கிறார். "ஒன்பதாம் இலக்கத்துக் கிழவன் நாயோடை வாறார். சறுக்கப் போறார். இல்லை, தப்பிட்டார்." பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, இவருக்கு ஒஸ்லோவின் இந்த லைர்காத்தா தெரு என்றால் இந்த நான்காம் மாடிச் சன்னலில் தெரிகிற அளவுதான். படி இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் இரண்டு பேர் வந்து கதிரையோடு தூக்கி இறக்குவார்கள். அது அவருக்குப் பெரிய வெட்கக்கேடு. அன்று முழுவதும் யாரோடும் கதைக்க மாட்டார்.

லிப்ட் வந்தால் எல்லாம் சரி. கட்டடத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவின் கூட்டத்தில் போன இலையுதிர்காலமே வாக்கெடுத்தாயிற்று. பின்முற்றத்தில் நிற்கிற பழைய பின்வீட்டை இடித்து அந்த இடத்தில் லிப்டுக்கான கோபுரம். வேறு இடம் இல்லை. நகரசபையின் அனுமதிதான் பாக்கி.

அதே கூட்டத்தில் என் தலையிலும் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கட்டடத்துக்கு இந்த வருடம் நூற்றிருபத்தைந்து வயதாம். தெருவின் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுத வேண்டுமாம். "மங்களேஸ்வரி, நீங்கள்தான் இங்கே அதிக காலம் இருப்பவர்" என்றார்கள். கிழவி என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை.

15 ஜனவரி

பொங்கல். கீழே நிலமாடியில் இருக்கும் தீப்தி, நெய்யும் முந்திரியும் மிதக்க ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. கணவன் யுவனோடு கணினி வேலைக்கு வந்து இங்கேயே வீடும் வாங்கிவிட்டாள். நான் எங்கள் ஊர்ப் பொங்கலான புக்கையைக் கொடுத்தேன். "புக்கையா? பேரே நல்லா இருக்கே ஆன்ட்டி!" என்று சிரித்தாள். போகும்போது எங்கள் சன்னலில் கொஞ்ச நேரம் நின்றாள். "எவ்ளோ வெளிச்சம்! எங்க வீட்ல மத்தியானமே லைட் போடணும்."

28 ஜனவரி

வரலாறு எழுத உட்கார்ந்தேன். நோர்வேஜிய மொழியில் லைர் என்றால் களிமண். தெருவுக்குப் பொய் சொல்லாத பெயர். அடியில் முழுக்கக் களிமண், அதனால் மேலே ஒரு வீடும் நேராக நிற்பதில்லை. ஒன்பதாம் இலக்கம் எங்கள் மேல் சாய்கிறது, நாங்கள் பதின்மூன்றின் மேல் சாய்கிறோம். எங்கள் குசினியில் உருளைக்கிழங்கு கைதவறி விழுந்தால் நேரே குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில்தான் போய் நிற்கும்.

கட்டினவர்களும் அவசரக்காரர்கள். 1899இல் நகரத்தில் கட்டட வியாபாரம் படுத்துவிட்டது. எங்கள் கட்டடம் அதற்குள் முந்திக்கொண்டது. தெருப் பக்கம் சுண்ணச் சாந்தில் பூமாலையும் பெண் முகங்களும். முற்றத்துப் பக்கம் வெறும் செங்கல். முன்னுக்குப் பட்டுச்சேலை, பின்னுக்குப் பழஞ்சேலை. எதிரே பதினான்காம் இலக்கத்து மஞ்சள் மரவீடு எல்லாருக்கும் மூத்தது. மூலையில் இருந்த பால்கடை இப்போது சோமாலியரின் முடிவெட்டும் கடை.

பின்வீட்டைப் பற்றி இப்படி எழுதினேன்: கீழே நிலக்கரி வண்டிக்காரனின் குதிரை லாயம், மேலே வைக்கோல். பிறகு சைக்கிள் திருத்தும் இடம். பிறகு சாமான் அறை. எண்பதுகளில் இந்தப் பகுதியில் பின்வீடுகளை எல்லாம் வெளிச்சத்துக்காக இடித்தார்கள். எங்களுடையது மட்டும் எப்படித் தப்பியதென்று தெரியவில்லை.

அரைப் பக்கம் போதும். இடிக்கப் போகிற வீட்டுக்கு எவ்வளவு எழுதுவது?

11 பெப்ரவரி

இடிப்பதற்கு முன் பின்வீட்டைப் பதிவு செய்யவேண்டும் என்று நகரசபை கேட்டதால், கூட்டுறவு ஓர் ஆளை அமர்த்தியிருக்கிறது. யூலியன். பழைய கட்டடங்களின் வண்ணங்களைப் படித்தவன், முப்பது வயதிருக்கும். சுவரில் சிறு சதுரமாகச் சுரண்டுவான். ஒரு பூச்சு, அடுத்த சதுரத்தில் அதற்குக் கீழ்ப் பூச்சு, இப்படியே செங்கல் வரைக்கும் படிப்படியாக. உள்ளே வெளியை விடக் குளிர். நான் இரண்டு மரக்கறி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையுறையோடே சாப்பிட்டான்.

5 மார்ச்

பல் வைத்தியசாலையில் வேலை முடிந்து வந்தால் முற்றத்தில் ஒரே பரபரப்பு. யூலியன் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். உள் சுவரில் ஒரு பெரிய துண்டு சுரண்டியிருந்தான். வெள்ளைப் பூச்சுகளுக்கு அடியில் நெடுக்குக் கோடுகளாகச் சிவப்பு, பிறகு வெள்ளை, பிறகு சிவப்பு, பிறகு வெள்ளை.

"நூறு வருடத்துக்கு மேல் இருக்கும்" என்றான். சிவப்பு ஆளிவிதை எண்ணெயில் இரும்புக் காவி கலந்த பழைய முறைப் பூச்சாம். அந்தக் காலத்தில் சர்க்கஸ்காரன் ஒருவன் குளிர்காலத்தில் குதிரைகளை இந்தத் தெருவில் கட்டினான் என்று எங்கோ படித்திருக்கிறானாம். சர்க்கஸ் கூடாரத்தின் கோடுகள் இவை என்கிறான். கண்கள் மினுங்கின.

வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும், அல்லது வேறேதும் வந்துவிடும்.

சர்க்கஸாவது குதிரையாவது. அது எங்கள் பிள்ளையார் கோயில்.

6 மார்ச்

இவரிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

10 மார்ச்

எனக்காவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். 1989இல் இவரும் கூட்டாளி பத்மநாதனும் இன்னும் சில பெடியன்களும் இந்த நாட்டின் வடக்கே இருந்த மீன் தொழிற்சாலை வேலையை விட்டு ஒஸ்லோவுக்கு வந்தார்கள். இந்தப் பின்வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். சாமான் வைக்க என்று சொல்லி எடுத்து, பிள்ளையாரை வைத்தார்கள். கோயில் என்றால் சுவரில் காவியும் வெள்ளையும் இருக்க வேண்டாமா? கடையில் காவி கேட்டால் யாருக்கு விளங்கும்? கடைக்காரர் களஞ்சியக் கொட்டில்களுக்கு அடிக்கிற சிவப்பைக் காட்டியிருக்கிறார். நாட்டுப்புறத்தில் பார்க்கிற அதே சிவப்பு. இன்றைக்கும் அதே பழைய முறையில்தான் செய்கிறார்கள். அதுதான் யூலியனின் நூறு வருடம்.

இரண்டு குளிர்காலம் பூசை நடந்தது. பிறகு சனம் பெருகி, வேறு இடத்தில் பெரிய மண்டபம் எடுத்து, பிள்ளையாரும் போய்விட்டார். அடுத்து வந்தவர்கள் வெள்ளை அடித்தார்கள்.

அந்த இரண்டாம் குளிர்காலத்தில்தான் நான் ஊரிலிருந்து வந்தேன். வந்து ஒரு கிழமையில், அந்தச் சுவருக்கு முன்னால், கூறைச்சேலைக்கு மேல் இரவல் குளிர்ச்சட்டையோடு நின்று தாலி கட்டிக்கொண்டேன். மந்திரம் சொன்னவரின் வாயிலிருந்து புகை புகையாக வந்தது.

ஆனால் புத்தகத்தில் நான் சைக்கிள் திருத்தும் இடம், சாமான் அறை என்று தாவிவிட்டேன். ஏன் எழுதவில்லை? எங்கள் இரண்டு குளிர்காலமும் வரலாறா என்ற நினைப்பு. குதிரை நின்றதை எழுதினேன். நான் நின்றதை எழுதவில்லை.

19 மார்ச்

லிப்ட் வேலை நின்றுபோயிற்று. சர்க்கஸ் சுவரைப் பற்றி நகரசபை முடிவு சொல்லும்வரை ஒரு செங்கல்லையும் தொடக்கூடாதாம்.

31 மார்ச்

மகள் மயூரா நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஹொல்ம்லியாவிலிருந்து வந்தாள். "அம்மா, சும்மா மினக்கெடாதேங்கோ. எங்கடை புளொக்கிலை ஹைஸ் இருக்கு. ஒரு வீடு விலைக்கு வருகுது. வந்திடுங்கோ." லிப்டை அவள் நோர்வேஜியச் சொல்லால் ஹைஸ் என்பாள்.

இவர் கேட்டது கேளாத மாதிரி. "ஒன்பதாம் இலக்கத்துக் கிழவன் புதுத் தொப்பி வாங்கியிருக்கிறார்" என்றார்.

14 ஏப்ரல்

வருடப்பிறப்பு. தீப்தி வந்தாள். சுவரைப் பார்த்தாளாம். "ஆன்ட்டி, சர்க்கஸ்னு சொல்றாங்க, எனக்கு நம்ம ஊர் கோயில் மதில் மாதிரியே இருக்கு! யுவன் கிட்ட சொன்னா, உனக்கு எதைப் பாத்தாலும் கோயில்தான்னு கிண்டல் பண்றான்."

அப்படியென்றால் இது அதிக நாள் ஒளிந்திருக்காது. நானே சொல்லிவிடலாம். சர்க்கஸ் என்றால் காப்பாற்றுவார்கள், லிப்ட் வராது. அகதிப் பெடியன்கள் கொட்டில் பூச்சை வாங்கி அடித்தது என்று தெரிந்தால் அடுத்த கிழமையே இடித்துவிடுவார்கள், லிப்ட் வரும். உண்மையும் சொன்னதாகும், காரியமும் நடக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டார்.

"சொல்லாதையும்."

"ஏன்?"

"வெள்ளைக்காரன்ரை குதிரை எண்டா வைச்சிருப்பினம். எங்கடை பிள்ளையார் எண்டா இடிப்பினம்."

"அதுக்குத்தானே சொல்லப்போறன்!"

18 ஏப்ரல்

யூலியனிடம் சொல்லிவிட்டேன். முகம் விழுந்துபோயிற்று, பாவம். பிறகு மெதுவாக நிமிர்ந்து, "உங்கள் கணவரோடு கதைக்கலாமா?" என்றான்.

23 ஏப்ரல்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? அவ்வளவு கோபம்.

யூலியன் ஏறி வந்தான். தேத்தண்ணி கொடுத்தேன். "இந்தச் சுவரை நீங்களா அடித்தீர்கள்?" என்று கேட்டான். இந்த மனிதர், ஸ்ரீஸ்கந்தராசா, ஒரு நாளும் பொய் சொல்லாதவர் என்று ஊரெல்லாம் பேர் எடுத்தவர், கோப்பையை மெல்ல ஊதி ஊதிக் குடித்தார். நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "இல்லையே. நாங்கள் வந்தபோதே அப்படித்தான் இருந்தது. சர்க்கஸாக இருக்கும்."

யூலியன் என்னைப் பார்த்தான். நான் புளுகி என்று நினைத்திருப்பான்.

அவன் பெருமூச்சு விட்டுக் கொப்பியை மூடினான். "அப்படியானால் சரி. சொல்லப்போனால் குதிரை லாயங்கள் நகரத்தில் வேறும் இருக்கின்றன. படம் எடுத்து, அளந்து வைத்தால் போதும் என்பார்கள். இடிக்க அனுமதி கிடைத்துவிடும். உங்கள் மனைவி சொன்னது உண்மையாக இருந்திருந்தால் வேறு கதை. அப்படி ஒரு சுவர் இந்த நாட்டில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியாது."

இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்தான் அடிச்சனான்" என்றார். தமிழில். பிறகு நோர்வேஜிய மொழியில். பிறகு நிறுத்தவே இல்லை. "இடது மூலையிலையிருந்து நான், வலது மூலையிலையிருந்து பத்மநாதன். நடுவிலை சந்திக்கேக்கை சிவப்பும் சிவப்பும் சேர்ந்திட்டுது. பத்மநாதன் பிழையா அளந்தவன். இப்ப அலுமாரி நிக்கிற இடத்துக்குப் பின்னாலை சுரண்டிப் பாருங்கோ, இரட்டைச் சிவப்பு இருக்கும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

24 ஏப்ரல்

சண்டை.

"உங்களுக்கென்ன விசரே? லிப்ட் வந்தா நீங்கள் கீழை இறங்கலாம்."

"இறங்கி?"

"இறங்கி நடக்கலாம். குறொன்லாண்டுக் கடைத்தெருவிலை மரக்கறி வாங்கலாம். மனுசர் மாதிரி நாலு பேரைப் பார்க்கலாம்."

"நான் இறங்கிற இடத்திலை அந்தச் சுவர் இருக்காது, ஈஸ்வரி. உமக்குத் தாலி கட்டின இடம்."

"தாலி கழுத்திலை கிடக்கு. சுவர் என்னத்துக்கு?"

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பொய்யா? சுவரையா நான் குளிப்பாட்டுகிறேன், சுவருக்கா மருந்து கொடுக்கிறேன்? எனக்கு இவர் வேண்டும். கீழே, வெயிலில், என்னோடு நடக்கிற இவர் வேண்டும்.

11 மே, சனி

அலுமாரியை நகர்த்திச் சுரண்டும் நாள். யூலியன் இவரும் இருக்கவேண்டும் என்றான். மறுப்பார் என்று நினைத்தேன். "தூக்குங்கோ" என்றார்! யுவனும் யூலியனும் குசினிக் கதிரையோடு தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார்கள். இவர் மேலே இருந்துகொண்டு, "மெல்ல, மெல்ல, சுவாமி வருகுது" என்றார். யுவனுக்குச் சிரிப்பில் கை நழுவப் பார்த்தது.

பின்வீட்டுக்குள் விளக்கு சரிசெய்யும்வரை தீப்தியின் குசினியில் இருத்தினோம். சன்னலுக்கு நேரே முற்றம், பின்வீட்டுக் கதவு. ஒன்பதாம் இலக்கத்துக் கிழவர் நாயோடு முற்றத்துக்குள் வந்து, சன்னலைத் தட்டி, "நீங்கள்தானா மேலே இருந்து எனக்குக் கையசைக்கிறவர்?" என்று கேட்டார். சன்னலுக்கு உள்ளும் வெளியுமாக இருவரும் கதைத்தார்கள். நாய் இவர் கையை நக்கியது.

பிறகு சுவர். யூலியன் கத்தியால் சுரண்டச் சுரண்ட வெள்ளை உதிர்ந்தது. சிவப்பு. அதன் பக்கத்திலும் சிவப்பு. தீப்தி கைதட்டினாள். யூலியன் அளவுநாடாவை எடுத்தான். வலது மூலையிலிருந்து வந்த கோடுகள் எல்லாம் ஒரே அகலம். இடது மூலையிலிருந்து வந்தவை போகப் போக ஒடுங்கிக்கொண்டே போயின.

இடது மூலை இவருடையது.

"பத்மநாதனுக்குச் சொல்லாதையும்" என்றார். நான் அப்போதே படம் எடுத்து அவர் இருக்கும் டொராண்டோவுக்கு அனுப்பிவிட்டேன். பத்மநாதன் அண்ணை குரல் செய்தியாகப் பதில் அனுப்பினார். "முப்பத்தைஞ்சு வருசமாச் சொல்லிறன்! இப்ப சுவரே சாட்சி சொல்லிட்டுது!"

எல்லாரும் வெளியே வந்த பிறகு நான் மட்டும் உள்ளே நின்றேன். எந்த இடத்தில் நின்று தாலி கட்டிக்கொண்டேன் என்று பார்த்தேன். இரட்டைச் சிவப்புக்கு நேரே. அன்றைக்குக் குனிந்த தலை நிமிரவில்லை, அதனால் அந்தப் பிழை என் கண்ணில் படவே இல்லை.

1989இல் வாடகைக்கு ஆள் இருந்ததால் அப்போது பின்வீட்டை இடிப்பதைத் தள்ளி வைத்தார்களாம், பிறகு மறந்தே போனார்களாம். யூலியன் தேடிச் சொன்னான். ஆக, அது தப்பியதும் எங்களால்தான்.

19 ஜூன்

முடிவு வந்தது. பின்வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். இடிக்கக்கூடாது. லிப்ட் இல்லை.

மூன்றாம் மாடிக்காரி படியில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினாள். அவளுக்கும் முழங்கால் வருத்தம். பிழை சொல்ல முடியாது.

20 ஜூன்

இவர் பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றினார். நான் கும்பிடவில்லை. என்ன கும்பிடு? தும்பிக்கையாலை கதவை மூடிவிட்டாரே.

14 ஜூலை

வெக்கை. எல்லாச் சன்னலும் திறந்து கிடக்கிறது. முற்றத்தில் பிள்ளைகள் தண்ணீர் அடித்து விளையாடும் சத்தம். இவர் இப்போது தெருச் சன்னலில் இருப்பதில்லை. கதிரையை இழுத்துக் குசினிச் சன்னலுக்குப் போட்டிருக்கிறார். அங்கிருந்து பின்வீட்டின் கூரை மட்டும் தெரியும்.

சாப்பிடும்போது தானாகவே சொன்னார். "ஹொல்ம்லியா வீட்டை வாங்குவம். நீர் எத்தினை நாளைக்குத் தனியச் சாமான் சுமந்து ஏறுவீர்?"

மயூராவும் நானும் இவர் வாயிலிருந்து வராதா என்று காத்திருந்த சொல் இது. கேட்டதும் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. வாதாடாத மனிதரை எனக்குப் பழக்கமில்லை.

3 ஆகஸ்ட்

மயூராவோடு போய் ஹொல்ம்லியா வீட்டைப் பார்த்தேன். நல்ல வீடு. லிப்ட் பெரிது, கட்டிலே போகும். சன்னலில் கார் நிறுத்துமிடமும் அதற்கப்பால் காடும். இவர் யாருக்குக் கையசைப்பார்?

திரும்பி வந்து தீப்தியிடம் சொன்னேன், போகப் போகிறோம் என்று. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு, "ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேள் பிள்ளை."

"அன்னைக்கு அங்கிள் எங்க கிச்சன்ல உக்காந்திருந்தாரே, எழுந்திருக்கவே மனசில்லாம. அதுலேர்ந்து நானும் யுவனும் பேசிட்டே இருக்கோம். நீங்க எங்க வீட்டுக்கு வந்துடுங்க. நாங்க உங்க வீட்டுக்கு வந்துடறோம். எனக்கு வெளிச்சம் வேணும் ஆன்ட்டி. படி ஏறினா உடம்புக்கும் நல்லதுதானே."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். லிப்ட் லிப்ட் என்று தலையை உடைத்தேனே, வீட்டையே கீழே இறக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

4 ஆகஸ்ட்

இவரிடம் சொன்னேன். "ஓம்" என்றார். பிறகு முகச்சவரம் செய்தார், ஒரு காரணமும் இல்லாமல்.

12 அக்டோபர், சனி

விஜயதசமி. நல்ல நாளென்று கீழே குடிவந்து பால் காய்ச்சினோம். கீழ் வீடு இருட்டுத்தான். மத்தியானமே விளக்குப் போட்டிருக்கிறேன். இங்கே தரை மற்றப் பக்கம் சாய்வு. உருளைக்கிழங்கு கதவடிக்குப் போகிறது. இவர் நிலைக்கதவில் மூன்று விபூதிக் கோடும் நடுவில் குங்குமமும் வைத்தார். துடைக்கட்டா என்று கேட்டேன். "விடும். நூறு வருசத்திலை ஆரும் வந்து சுரண்டுவினம், என்னவும் இருக்கத்தானே வேணும்" என்றார்.

புத்தகமும் அச்சாகி வந்துவிட்டது. பின்வீட்டின் அரைப் பக்கம் ஆறு பக்கமாகியிருக்கிறது. மூன்றாம் மாடிக்காரி ஒன்று கேட்டு வாங்கினாள். இன்னும் சிரிக்கவில்லை.

21 நவம்பர்

முதல் பெரிய பனி. வேலையால் வந்து கதவைத் திறந்தால் சன்னலடிக் கதிரை வெறுமை. அறையில் இல்லை, குளியலறையில் இல்லை. நான் வீடு வரும்போது இவர் கதிரையில் இல்லாமல் இருந்ததே இல்லை, பக்கவாதத்துக்குப் பிறகு.

முற்றத்தில் பார்த்தேன். பனியில் ஒரு தடம். ஒரு காலின் அடையாளம், இழுபட்ட கோடு, பக்கத்தில் ஊன்றுகோலின் குழி. பின்வீட்டுக் கதவு வரை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து, தொப்பியோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து, மெல்ல மெல்ல வந்தார். எனக்கு ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. போகவில்லை. வாசலில் நின்றேன்.

"எங்கை போனனீங்கள்?" என்று அதட்டினேன்.

"கோயிலுக்கு" என்றார். "குளிருது. சுடச்சுட ஒரு பிளேன் டீ போடும்."

போட்டேன்.